அத்தியாயம் 6: வாய்தா நாளும் நிதி விண்ணப்பமும்

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் சிலமலை, ராசிங்காபுரம் பக்கத்து ஊர்களில் பல வீடுகளுக்கு மலை வேலைதான் சோறு போடுகிறது. விடியுமுன் ஜீப் வந்து நிற்கும். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டுப் பெண்கள் வீடு திரும்ப இருட்டிவிடும். இந்த வட்டாரத்தில் போக்சோ வழக்குகளுக்கு (குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளுக்கு) உதவ நிதி கேட்கும் அமைப்பு, விண்ணப்பத்தின் முதல் வரியை எழுதுமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தாய் தன் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஒரு நாள் கோர்ட்டுக்குப் போய்வர என்ன ஆகும்?

சிலமலையிலிருந்து போடிக்கு ஒரு பஸ், போடியிலிருந்து தேனிக்கு ஒரு பஸ். மாவட்ட நீதிமன்ற வளாகம் தேனி ஊருக்குள் இல்லை. பெரியகுளம் சாலையில் லட்சுமிபுரத்தில் இருக்கிறது. ஆக, மூன்றாவதாக ஒரு பஸ். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் டிக்கெட் செலவைச் சமாளித்துவிடலாம். பறிபோவது அன்றைய கூலி. காய் எடுப்பு மும்முரமான மாதங்களில் அடிக்கடி விடுப்புப் போட்டால் ஜீப்பில் இருந்த இடமும் வேறொருவருக்குப் போய்விடும். கோர்ட் வாசலில் காத்திருக்கும்போது எதிரியின் சொந்தக்காரர்கள் அதே டீக்கடையில் நிற்பார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு 'அடுத்த வாய்தா' என்று தேதி சொல்வார்கள். இப்படி இரண்டு மூன்று முறை நடந்தபின், "போதும்க்கா, எங்களுக்கு இந்தக் கேஸே வேணாம்" என்று தாய் சொன்னால், மிரட்டிவிட்டார்கள், விலைபேசிவிட்டார்கள் என்றே நாம் எழுதிக்கொள்கிறோம். பல வீடுகளில் யாரும் மிரட்டவில்லை. கூலி போனதுதான் காரணம்.

எனவே இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்தப்போவது ஒன்றுதான்: திரட்டும் நிதியில் பெரும்பங்கு அந்த நாளில் குழந்தையோடு கூடப்போகும் ஆளுக்குச் செல்ல வேண்டும். பேனருக்கும் கருத்தரங்குக்கும் மண்டப வாடகைக்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அரசிடம் ஏற்கெனவே இருக்கும் பணம்

நன்கொடையாளரைத் தேடிப் போகுமுன் அரசு தரவேண்டியது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்தது. 2019-இல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், 100-க்கு மேல் போக்சோ வழக்குகள் தேங்கியிருக்கும் மாவட்டங்களில் தனி நீதிமன்றம் அமைக்கச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் விரைவுச் சிறப்பு நீதிமன்றத் திட்டம் தொடங்கியது. பின்னர் 2026 மார்ச் வரை நீட்டித்தபோது அதற்கு ஒதுக்கிய தொகை 1,952.23 கோடி ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கான 1,207.24 கோடியும் நிர்பயா நிதியிலிருந்து வந்தது. அந்தப் பணம் நீதிபதிக்கும் ஊழியர்களுக்கும் கோர்ட் நடத்தவும் போகிறது. அது போகவேண்டிய இடம்தான். ஆனால் அந்தக் கோர்ட்டின் படி ஏறப்போகும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ள அதில் ஆள் இல்லை.

குழந்தையின் பக்கத்துக்குப் பணம் வரும் வழிகள் 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளில் இருக்கின்றன. இவற்றை விண்ணப்பம் எழுதுபவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். விதி 8-இன்படி, உணவு, உடை, பயணம் போன்ற உடனடித் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக்குழு சிறப்பு நிவாரணம் பரிந்துரைக்கலாம். பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் தொகை தரப்பட வேண்டும். விதி 9-இன்படி, எஃப்.ஐ.ஆர் பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு வழங்கலாம். தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை, உத்தரவு கிடைத்த 30 நாளில் மாநில அரசு கொடுக்க வேண்டும். விதி 5-இன்படி, மொழிபெயர்ப்பாளர், சிறப்புக் கல்வியாளர், ஆதரவு நபர் ஆகியோரின் பட்டியலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வைத்திருக்க வேண்டும். அவர்களுக்கான ஊதியம் திறன்மிகு தொழிலாளிக்குரிய குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது. இவை போக, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தையின் படிப்புக்கும் பராமரிப்புக்கும் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் கேட்கலாம். வழக்கறிஞரைப் பொறுத்தவரை, 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி தருகிறது.

இவ்வளவும் இருந்தும் பிறகு எதற்கு நன்கொடையாளர் என்று நிதி தருபவர் கேட்பார். நியாயமான கேள்வி. நேராகப் பதில் சொல்லுங்கள். இந்தத் தொகை எதுவும் தானாக வீடு தேடி வராது. மனு எழுத வேண்டும், வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும், அலுவலகத்துக்கு மீண்டும் மீண்டும் நடக்க வேண்டும். நடக்க ஆள் இல்லாத வீட்டுக்காக நடப்பதற்குத்தான் உங்கள் விண்ணப்பம். அரசு கொடுக்கவேண்டியதை நீங்களே கொடுத்துவிட்டால், உங்கள் நிதி தீர்ந்த அன்று குழந்தைக்கு இரண்டும் இல்லாமல் போகும்.

ஆதரவு நபர்

குழந்தையோடு கூடப்போகும் ஆளுக்கு விதிகள் வைத்திருக்கும் பெயர் ஆதரவு நபர். குழந்தையும் பெற்றோரும் சம்மதித்தால், விசாரணைக் காலத்திலும் வழக்கு நடக்கும் காலத்திலும் உடனிருக்கக் குழந்தைகள் நலக்குழு இவரை நியமிக்கிறது. குழந்தைகளுக்காக வேலை செய்யும் அமைப்பும் இந்தப் பொறுப்பை ஏற்கலாம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், உத்தரப் பிரதேச நிலவரத்தை வைத்து வந்த வழக்கில், ஆதரவு நபர் நியமனம் குடும்பத்தின் தலையில் விட்டுவிடக் கூடியதல்ல என்று தெளிவாகச் சொன்னது.

அவர் கண்காணிக்க வேண்டியதைப் போக்சோ சட்டமே வகுத்துத் தந்திருக்கிறது. 24-ஆம் பிரிவின்படி குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பதிவுசெய்ய வேண்டும். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும் என்கிறது 27. திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு இழுக்காதே, வதைக்கும் கேள்விகளை அனுமதிக்காதே, வக்கீல்களின் கேள்விகள் நீதிபதி வழியாகவே குழந்தையிடம் போகட்டும் என்கிறது 33. கோர்ட் குற்றத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்ட 30 நாளில் குழந்தையின் சாட்சியம், இயன்றவரை ஓராண்டில் வழக்கு முடிவு என்பது 35. சாட்சி சொல்லும்போது எதிரி கண்ணில் படக் கூடாது என்பது 36. இவை நடக்கின்றனவா என்று பார்த்து, நடக்காதபோது குழந்தைகள் நலக்குழுவுக்கும் சிறப்பு அரசு வழக்கறிஞருக்கும் எழுத்தில் தெரிவிக்க ஒருவர் வேண்டும். 'இரு விரல் பரிசோதனை' என்ற கொடுமையையும் கண்காணிக்க வேண்டும். நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2022 ஏப்ரலில் அதைத் தடைசெய்யச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் கண்டித்தது.

விண்ணப்பத்தில் ஒரு பத்தி

பெரும்பாலான விண்ணப்பங்களில் நான் பார்க்கும் பத்தி இப்படி இருக்கும்:

"போடி ஒன்றியத்தில் 50 பள்ளிகளில் விழிப்புணர்வு முகாம் நடத்தி, 5,000 மாணவர்களைச் சென்றடைந்து, குழந்தைகளுக்குப் பாதுகாப்பான சமூகத்தை உருவாக்குவோம்."

முகாம் நடத்துவதில் தவறில்லை. ஆனால் முகாம் முடிந்து ஒரு சிறுமி டீச்சரிடம் வாய் திறந்தால் அடுத்து என்ன என்பதற்கு இந்தப் பத்தியில் பதில் இல்லை. இதையே இப்படி எழுதலாம்:

"போடி அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகி, குழந்தைகள் நலக்குழு எங்களிடம் ஒப்படைக்கும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும், உத்தரவு வந்த 48 மணி நேரத்தில் ஆதரவு நபர் செல்வார். மருத்துவப் பரிசோதனை, மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம், கோர்ட்டில் சாட்சியம் ஆகிய மூன்றுக்கும் உடனிருப்பார். சாட்சிய நாளுக்கு முன்பே நீதிமன்ற அனுமதியுடன் குழந்தைக்குக் கோர்ட் அறையைக் காட்டுவார். ஒருவர் பொறுப்பில் ஒரே சமயத்தில் 12 குழந்தைகளுக்கு மேல் இருக்க மாட்டார்கள். இரண்டு ஆதரவு நபர்களுக்கு 36 மாத நிதி கேட்கிறோம்."

இரண்டாவது பத்தியில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் சொல்ல முடியும். முதல் வாரத்தில்தான் சாட்சியங்கள் நிலைக்கும் அல்லது கெடும், அதனால் 48 மணி நேரம். 12-க்கு மேல் போனால் ஒரே நாளில் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்மன் விழும். ஒரு பிள்ளை தனியாக நிற்கும். 36 மாதம் ஏனென்றால், புலனாய்வுக்கே சட்டம் இரண்டு மாதம் தருகிறது, அதன்மேல் விசாரணைக்கு ஓராண்டு, பிறகு இழப்பீடு, மேல்முறையீடு. ஓராண்டு நிதி வாங்கிக்கொண்டு ஒரு குழந்தையிடம் 'கூட இருப்பேன்' என்று வாக்குக் கொடுப்பது நியாயமில்லை.

பட்ஜெட்டில் நூற்றுக்கு அறுபதையாவது இந்த இருவரின் சம்பளம், பயணம், போன், பயிற்சி ஆகியவற்றுக்கு வையுங்கள். சம்பளம் கவுரவமாக இருக்கட்டும். குறைந்த சம்பளத்துக்கு வந்தவர் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார். குழந்தை இன்னொரு புது முகத்திடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். ஆதரவு நபருக்கே மாதம் ஒருமுறை மனநல ஆலோசகரிடம் பேச ஒரு தொகை வேண்டும். நிதி தருபவர்கள் இதை வெட்டப் பார்ப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். இந்தக் கதைகளை நாள்தோறும் கேட்பவர் தூக்கம் கெட்டுத்தான் வீடு போகிறார்.

அடுத்த பங்கு, போக்சோ சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி குழந்தையின் சார்பில் ஆஜராகும் வழக்கறிஞருக்கு. அரசு வழக்கறிஞர் வழக்கை நடத்துவார். குழந்தைக்கான இடைக்கால இழப்பீட்டு மனு, எதிரியின் ஜாமீன் மனுவில் ஆட்சேபம் ஆகியவற்றைக் கவனிக்கத் தனியாக ஒருவர் இருப்பது பெரிய பலம். முதலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். அங்கே கிடைக்கும் வழக்கறிஞருக்குப் போக்சோ பயிற்சி தர மட்டும் நிதி கேட்டால், செலவும் குறையும், உறவும் வளரும்.

குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்து முதுவர் குடிகளிலிருந்தோ பளியர் குடியிருப்புகளிலிருந்தோ வரும் குழந்தைக்கு மொழி தெரிந்த ஆள் வேண்டும். மலைப்பேச்சில் குழந்தை சொன்னதைக் கீழ்நாட்டுத் தமிழில் எழுதும்போது ஒரு வார்த்தை பிசகினாலும் குறுக்கு விசாரணையில் அதையே முரண்பாடு என்று காட்டுவார்கள். அந்தச் சமூகத்திலேயே படித்த ஓரிருவரைத் தேடி, பாதுகாப்பு அலகின் பட்டியலில் சேர்த்துவைப்பதற்குச் சிறு தொகை போதும்.

மலைக்கு அந்தப் பக்கம்

சம்பவம் மலைமேல் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) நடந்திருந்தால் வழக்கு கேரளத்தில், இடுக்கி மாவட்டத்தில். சீசன் முடிந்ததும் குடும்பம் கீழே இறங்கிவிடும். சம்மன் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிவுசெய்ய வேண்டும். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர் என்கிறோம். "அது கேரளா எல்லை, அங்கே போங்க" என்று போடியில் யாரும் திருப்பி அனுப்ப முடியாது. பதிவான பிறகு இரு மாவட்டக் குழந்தைகள் நலக்குழுக்களையும் இணைப்பதும், தமிழில் பேசும் குழந்தையின் வார்த்தை மலையாளத்தில் எப்படிப் பதிவாகிறது என்று கவனிப்பதும் உங்கள் வேலை.

விசாரணை தொடக்கத்திலேயே பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மலைக்கு அந்தப்பக்கமே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2021-இல் வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயத்தில் ஒரு சிறு குழந்தை கொல்லப்பட்ட வழக்கில், 2023 டிசம்பரில் கட்டப்பனை விரைவுச் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. விசாரணை அதிகாரி சம்பவ இடத்துக்கு மறுநாள்தான் சென்றார் என்பது உட்பட, சாட்சியம் சேகரித்ததில் இருந்த ஓட்டைகளைத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. காவலருக்கும் மருத்துவருக்கும் பயிற்சி தர நிதி கேட்கும்போது, 'உணர்வூட்டும் பயிலரங்கு' என்று பொதுவாக எழுதாமல், முதல் 24 மணி நேரத்தில் எதை, யார், எப்படிச் சேகரிப்பது என்ற ஒன்றுக்கே கேளுங்கள். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவர்களையும் மகளிர் காவல் நிலையத்தாரையும் ஒரே அறையில் உட்காரவைக்க வேண்டும். தனித்தனிப் பயிற்சியால் பலன் குறைவு.

சாட்சியின் கையில் நம் பணம்

இந்தப் பகுதியை இருமுறை படியுங்கள். கூலி போவதுதான் காரணம் என்றேன்; அதை ஈடுகட்டவும் வேண்டும். ஆனால் உங்கள் அமைப்பின் ஆள் தாயின் கையில் ரொக்கமாக 500 ரூபாய் வைத்தால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்: "சாட்சி சொல்வதற்கு டிரஸ்ட் காரங்க பணம் கொடுத்தாங்கதானே?" தாய் ஆமாம் என்றாலும் கெடுதல், இல்லை என்று பொய் சொன்னால் இன்னும் கெடுதல்.

ஆகவே வழியை முறைப்படுத்துங்கள். பயணம், உணவு, அன்றாடத் தேவைக்கு விதி 8-இன்கீழ் குழந்தைகள் நலக்குழுவிடம் மனு கொடுத்து அரசுப் பணமாகவே வாங்கித் தாருங்கள். கோர்ட்டில் சாட்சிப் படி கேட்டு வாங்குங்கள். இவை வர நாளாகும் என்றால், உங்கள் நிதியிலிருந்து தருவதை முன்கூட்டியே நலக்குழுவுக்கு எழுதித் தெரிவித்து, ஒப்புதல் பெற்று, வங்கிக் கணக்கு வழியாக, எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே அளவில் கொடுங்கள். சாட்சியம் என்னவாக இருந்தாலும், வழக்கே வேண்டாம் என்று குடும்பம் விலகினாலும், அந்த உதவி நிற்காது என்பதைக் கொள்கையாக எழுதி வையுங்கள்.

இதே எச்சரிக்கை ஆதரவு நபருக்கும். கோர்ட் அறையைக் காட்டலாம், நீதிபதி எங்கே உட்காருவார் என்று சொல்லலாம், "தெரியலன்னா தெரியலன்னு சொல்லு கண்ணு" என்று தைரியம் தரலாம். சம்பவத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட ஒத்திகை பார்க்கக் கூடாது. சொல்லிக்கொடுத்த சாட்சி என்ற பெயர் வந்துவிட்டால் உண்மை சொன்ன குழந்தையும் தோற்றுப்போகும்.

ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்க்கக் கூப்பிடுவார்கள். போகாதீர்கள். குற்றம் தெரிந்தும் புகார் தராதது போக்சோ சட்டத்தின் 21-ஆம் பிரிவில் தண்டனைக்குரியது. உங்கள் ஊழியருக்கும் அது பொருந்தும். சமரசத்தைக் காட்டிப் போக்சோ வழக்கை ரத்துசெய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காதலித்துப் போன பதினேழு வயதுப் பெண்ணின் வழக்கு வேறு வகை. அவளே வழக்கை விரும்ப மாட்டாள். அப்போதும் ஆதரவு நபர் அவள் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். போலீஸ் பக்கத்திலோ பெற்றோர் பக்கத்திலோ அல்ல.

யாரிடம் கேட்பது

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை நாடுவது பலருக்கும் முதல் யோசனை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி போன்ற வரம்பைத் தொட்ட நிறுவனங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம் செலவிட வேண்டும். அதை வாங்க 12ஏ, 80ஜி என்று அறியப்பட்ட வருமான வரிப் பதிவும், சி.எஸ்.ஆர்-1 எண்ணும் வேண்டும். கோர்ட், கேஸ் என்றாலே கம்பெனிக்காரர்கள் பின்வாங்குவார்கள். குழந்தையின் மனநலம், படிப்பைத் தொடர்தல், மறுவாழ்வு என்ற பக்கத்தை அவர்களிடம் கேளுங்கள். வழக்கறிஞர் செலவுக்கு வேறு இடம் பாருங்கள்.

வெளிநாட்டு நிதிக்கு எஃப்.சி.ஆர்.ஏ பதிவு கட்டாயம். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித்தர முடியாது. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. "எங்க பேர்ல வாங்கி உங்களுக்குத் தர்றோம்" என்று சென்னையிலிருந்து யாராவது சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

அமெரிக்காவில் 1986 முதல் இருக்கும் ஓர் ஏற்பாடு நமக்குப் பாடமாகும். குழந்தை வதை வழக்குகளின் விசாரணையைச் சீர்செய்ய மாநிலங்களுக்கு மானியம் தருகிறார்கள். அந்தப் பணம் குற்றவாளிகள் கட்டிய அபராதத்திலிருந்து வருகிறது. மானியம் வேண்டுமென்றால் போலீஸ், நீதிபதி, வக்கீல், மருத்துவர், குழந்தைகள் நல ஊழியர், பெற்றோர் எல்லோரும் அடங்கிய குழு அமைத்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வழக்குகள் எப்படிக் கையாளப்படுகின்றன என்று ஆராய்ந்து சொல்ல வேண்டும். நிதியே இல்லாமல் தேனியில் நாம் செய்யக்கூடியது அந்தக் குழு. காலாண்டுக்கு ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து நிலுவை வழக்குகளைப் பார்க்கும்படி சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கோரிக்கை வையுங்கள். அந்தக் கூட்டத்தின் குறிப்புகள் உங்கள் அடுத்த விண்ணப்பத்துக்கு ஆதாரமாகும்.

அறிக்கையில் எதை எண்ணுவது

எத்தனை பேருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தீர்கள் என்று நிதி தருபவர் கேட்பார். அந்த எண்ணை இலக்காக ஏற்காதீர்கள். தண்டனை தருவது நீதிமன்றம். அதற்கு இலக்கு வைத்தால் உங்கள் ஊழியர் குழந்தையை நெருக்கத் தொடங்கிவிடுவார். எஃப்.ஐ.ஆரிலிருந்து மாஜிஸ்திரேட் வாக்குமூலம் வரை எத்தனை நாள், சாட்சியம் ஒரே அமர்வில் முடிந்ததா, எத்தனை வாய்தாவுக்குக் குழந்தை வீணாக வந்துபோனது, இடைக்கால இழப்பீட்டு மனு போட்டாயிற்றா, பணம் கணக்கில் ஏறியதா, பிள்ளை பள்ளிக்குத் திரும்பியதா என்பவற்றை எண்ணிக் காட்டுங்கள்.

குழந்தையின் கதையை அறிக்கையில் எழுத வேண்டாம். பெயரை மாற்றி எழுதுவதும் போதாது. சிலமலை அளவிலான ஊரில் வயது, வகுப்பு, தாயின் வேலை மூன்றையும் சேர்த்தால் எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். எண்ணிக்கையை ஒன்றிய அளவில் கூடச் சொல்லாதீர்கள், மாவட்ட அளவில் சொல்லுங்கள். முதுகுப்பக்கம் எடுத்த போட்டோவும் கூடாது. நன்கொடையாளர் வீட்டைப் பார்க்க வர விரும்பினால், அலுவலகத்தில் ஆதரவு நபரோடு பேச ஏற்பாடு செய்யுங்கள்; ஜீப்பில் ஏற்றி ஊருக்குள் கூட்டிப் போகாதீர்கள்.

கடைசியாக, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றே, நிதி முடியும் தேதியில் நிலுவையில் இருக்கப்போகும் வழக்குகளுக்கு ஒரு பத்தி எழுதி வாங்குங்கள். புதிய குழந்தைகளை ஏற்பது கடைசி 12 மாதத்துக்கு முன்பே நிற்கும். ஏற்றுக்கொண்டவர்களுக்குச் சாட்சியம் முடியும்வரை அதே ஆதரவு நபர் தொடர ஒரு தனித் தொகை ஒதுக்கப்படும். அதற்குமேல் நீளும் வழக்குகளின் கோப்புகள் பட்டியலிட்டு, மூடிய உறையில், குழந்தைகள் நலக்குழுவிடம் ஒப்படைக்கப்படும். ஒப்படைக்குமுன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் புதிய ஆதரவு நபரை நேரில் அறிமுகப்படுத்துவோம் என்று அந்தப் பத்தியில் இருக்க வேண்டும்.